எதிர்த்தவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமைகள்: அமெரிக்க அரசமைப்புச் சட்டம் ஒப்புதல் பெற்ற கதை

(இணைய அணித் தோழர்களுக்கான அரசியல் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பதிவு கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சுட்டுப் பகிருங்கள்.)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு அமெரிக்க அரசமைப்புச் சட்டம். "அமெரிக்காக்காரன் சட்டம் நமக்கு எதுக்கு?" என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த நாட்டு அரசு உலகத்தில் செய்த அநியாயங்களைப் பேச ஒரு நாள் போதாது. அதைப் பற்றி நாம் பேசாமலும் இல்லை. ஆனால், 1787, 1788 ஆண்டுகளில் அந்த நாட்டில் நடந்த ஒரு விவாதம் இருக்கிறது. அரசியலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். குறிப்பாக, தினமும் கைப்பேசியில் எதிர்க்கருத்துக்காரர்களோடு மல்லுக்கட்டும் நீங்கள் படிக்க வேண்டும்.

ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை என்று அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்வார்கள் இல்லையா? அந்த உரிமைகள் எதுவும் முதலில் எழுதிய சட்டத்தில் கிடையாது. சட்டத்தை எழுதியவர்கள் அவற்றைக் கொடுக்கவில்லை. சட்டத்தை எதிர்த்து வாக்களித்து, தோற்றுப்போனவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள். தோற்றவர்கள் எப்படி வாங்கினார்கள்? அதுதான் இன்றைய பாடம்.

கொஞ்சம் பின்னால் போவோம்.

பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற 13 மாநிலங்களுக்கும் 1781 முதல் ஒரு பொது ஏற்பாடு இருந்தது. கூட்டமைப்பு விதிகள் என்று பெயர். ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. மத்தியில் ஒரு காங்கிரஸ். ஆனால் அந்தக் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் "பணம் கொடுங்க" என்று கேட்கலாம். கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. விதிகளைத் திருத்த வேண்டுமென்றால் 13 மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். இறக்குமதிக்கு 5 விழுக்காடு வரி போடலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் மட்டும் மாட்டேன் என்றது. அவ்வளவுதான், அது செத்துப்போனது.

போரில் சண்டை போட்ட விவசாயிகள் ஊருக்குத் திரும்பினார்கள். பலருக்குச் சம்பள பாக்கி. தலைக்கு மேல் கடன், அதற்கு மேல் வரி. மாசசூசெட்சில் நீதிமன்றங்கள் நிலத்தை ஜப்தி செய்யத் தொடங்கின. 1786-இல் விவசாயிகள் திரண்டு நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். அவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் சண்டை போட்டவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்குக்குப் போன விவசாயிகள் மீது பீரங்கி சுட்டது. 4 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை அடக்கப் படை திரட்ட மத்தியில் காசு இல்லை. பாஸ்டன் வணிகர்கள்தான் பணம் போட்டார்கள். கடன் கொடுத்தவனே படைக்கும் பணம் கொடுத்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்து உள்ளவர்களுக்கு இது பெரிய அச்சத்தைக் கொடுத்தது. "வலுவான மத்திய அரசு வேண்டும்" என்ற குரல் ஓங்கியது. அந்தச் சூழலில்தான் 1787 மே 25 அன்று பிலடெல்ஃபியா மாநாடு தொடங்கியது.

12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். 81 வயதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் அன்றாடம் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். கூட்டம் ரகசியம். வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது என்று விதி. இவர்களை அனுப்பியது பழைய விதிகளைத் திருத்தத்தான். இவர்களோ பழையதைத் தூக்கி வைத்துவிட்டு, புதுச் சட்டமே எழுதினார்கள்.

அந்தச் சட்டத்தின் கொள்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, மக்களே இறையாண்மை உள்ளவர்கள். "மக்களாகிய நாம்" என்றுதான் சட்டம் தொடங்குகிறது. முதல் வரைவில் மாநிலங்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். எந்தெந்த மாநிலம் ஒத்துக்கொள்ளும் என்று தெரியாதே! அதனால் கடைசியில் பெயர்களை எடுத்துவிட்டு, பொதுவாக எழுதினார்கள்.

இரண்டு, அதிகாரப் பிரிவினை. சட்டம் செய்ய ஒரு அவை, நடத்த ஒரு குடியரசுத் தலைவர், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம். ஒருவர் இன்னொருவரைத் தடுத்து நிறுத்தலாம். குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை மீண்டும் நிறைவேற்றலாம்.

மூன்று, கூட்டாட்சி. இதில்தான் மாநாடே உடைகிற நிலைக்கு வந்தது. பெரிய மாநிலம் மக்கள்தொகைப்படி இடம் கேட்டது. சின்ன மாநிலம் சம இடம் கேட்டது. ஜூலை 16 அன்று சமரசம். கீழவையில் மக்கள்தொகைப்படி, மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு பேர். இன்றும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டுதான், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டுதான்.

நான்கு, திருத்த வழி. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு. கடினமான வழி, ஆனால் வழி இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் கறையையும் சொல்லாமல் போக முடியாது, தோழர்களே. அடிமை என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் அடிமை முறை இருந்தது. கீழவை இடங்களைக் கணக்கிடும்போது, அடிமைப்படுத்தப்பட்ட மனிதர் ஒவ்வொருவரையும் ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள். அந்த மனிதருக்கு வாக்கு இல்லை. அவரைக் காட்டி அவருடைய எஜமானனுக்குக் கூடுதல் இடம்! 1808 வரை அடிமை வணிகத்தைக் காங்கிரஸ் தடை செய்யக் கூடாது என்றும் எழுதினார்கள். தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். "மக்களாகிய நாம்" என்று எழுதிய அதே கைகள்தான் இதையும் எழுதின. ஒரு ஆவணத்தைப் படிக்கும்போது முதல் வரியில் மயங்கிவிடக் கூடாது, கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

இனி முக்கியமான கட்டம். செப்டம்பர் 12. மாநாடு முடியப் போகிறது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, மக்களின் உரிமைகளைப் பட்டியலிட்டு ஒரு சாசனம் சேர்க்க வேண்டும் என்கிறார். சில மணி நேர வேலைதான் என்கிறார். வாக்கெடுப்பு நடந்தது. ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

இந்த மேசனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 17 அன்று, 39 பேர் கையெழுத்திட்டார்கள். கடைசி வரை அங்கே இருந்தும் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் மூன்று பேர்: மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் ஜெர்ரி.

இப்போது சட்டம் மக்கள் முன்னால் வருகிறது. 9 மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்தால், கொடுத்தவற்றுக்குள் அமலாகும் என்று சட்டமே சொன்னது. ஒப்புதல் கொடுப்பது மாநில சட்டமன்றம் அல்ல. அதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி மாநாடு. எதிர்த்தவர்கள் கேட்டார்கள்: "பழைய விதிப்படி 13 மாநிலமும் சம்மதிக்கணுமே, 9 போதும்னு சொல்ல நீங்க யார்?" கேட்பதில் நியாயம் இருந்ததா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

பத்திரிகைகளில் பெரும் போர் தொடங்கியது. இது உங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் எல்லாரும் புனைபெயரில்தான் எழுதினார்கள். ஆதரவுப் பக்கம் ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற ஒரே பெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். எதிர்ப்புப் பக்கம் 'புரூட்டஸ்', 'ஃபெடரல் ஃபார்மர்', 'சென்டினல்'. மெர்சி ஓட்டிஸ் வாரன் என்ற பெண்மணிக்கு வாக்குரிமையே இல்லை. அவரும் புனைபெயரில் சட்டத்தை எதிர்த்துப் பிரசுரம் போட்டார்.

பெயரை மறைத்து எழுதினார்கள், சரி. ஆனால் எதை எழுதினார்கள் என்று பாருங்க. இந்த விதிப்படி நீதிமன்றம் எவ்வளவு தூரம் கை நீட்டும், இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரே சட்டமன்றம் போதுமா, நிரந்தரப் படை வைத்தால் என்ன ஆகும் என்று எழுதினார்கள். வசவும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் இன்றும் மாணவர்கள் படிப்பது அந்த வாதங்களைத்தான். வசவு எழுதிய காகிதம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

பென்சில்வேனியாவில் என்ன நடந்தது தெரியுமா? மாநாட்டுக்குத் தேர்தல் அறிவிக்கச் சட்டமன்றம் கூடியது. அவை நடக்க 46 பேர் வேண்டும். எதிர்ப்பாளர்கள் வராமல் இருந்துவிட்டார்கள். 44 பேர்தான் இருந்தார்கள். உடனே ஒரு கும்பல் கிளம்பி, தங்கியிருந்த வீட்டிலிருந்து இரண்டு எதிர்ப்பாளர்களை இழுத்து வந்து அவையில் உட்கார வைத்தது! தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 12 அன்று 46-க்கு 23 என்று சட்டமும் ஒப்புதல் பெற்றது. வென்றார்கள். ஆனால் அந்த வெற்றி யார் மனதையும் ஆற்றவில்லை. தோற்ற 23 பேரில் 21 பேர் கையெழுத்திட்டு, தங்கள் மாற்றுக் கருத்தை அச்சடித்து நாடெங்கும் பரப்பினார்கள். வழிபாட்டு உரிமை, பத்திரிகை உரிமை, ஆதாரமில்லாமல் வீட்டைச் சோதனையிடக் கூடாது என்பது எல்லாம் அந்த அறிக்கையில் இருந்தது. வாக்கில் தோற்றவர்கள் எழுத்தில் நின்றார்கள்.

டெலவேர், நியூ ஜெர்சி, ஜார்ஜியா மூன்றும் ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தன. கனெக்டிகட் 128-க்கு 40. அதுவரை ஆதரவாளர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. உண்மையான சோதனை 1788 ஜனவரியில் மாசசூசெட்சில் வந்தது. ஷேஸ் நடத்திய கிளர்ச்சியின் சூடு ஆறாத மண். ஏமோஸ் சிங்கிள்ட்டரி என்ற கிராமத்துக்காரர் எழுந்து, "இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் இனிக்க இனிக்கப் பேசி, அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களைப் போன்ற எளியவர்களை விழுங்கிவிடுவார்கள்" என்ற பொருளில் பேசினார். ஜொனாதன் ஸ்மித் என்ற இன்னொரு விவசாயி எழுந்து பதில் சொன்னார்: "நானும் உழுது பிழைப்பவன்தான். அரசு இல்லாமல் ஊர் எப்படிக் குழம்பியது என்று போன ஆண்டு பார்த்தேன். அதனால் ஆதரிக்கிறேன்." விவசாயிக்கு விவசாயி பதில். யாரும் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தால் ஆதரவாளர்களுக்குப் பெரும்பான்மை இல்லை. அப்போது ஒரு வழி பிறந்தது. மாநாட்டுத் தலைவர் ஜான் ஹான்காக் 9 திருத்தங்களை முன்வைத்தார். "இப்போது ஒப்புதல் கொடுப்போம், கூடவே இந்தத் திருத்தங்களையும் பரிந்துரைப்போம்." தயங்கி நின்றவர்கள் பக்கம் மாறினார்கள். பிப்ரவரி 6. 187-க்கு 168. வெறும் 19 வாக்கு வித்தியாசம்.

வாக்கெடுப்பு முடிந்ததும் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வில்லியம் விட்ஜெரி என்பவர் சொன்னதன் சாரம் இது: "நான் எதிர்த்தேன், தோற்றேன். ஊருக்குப் போய் என் மக்களிடம் அதைச் சொல்வேன். ஒற்றுமையும் அமைதியும் நிலைக்கப் பாடுபடுவேன்." திருத்தம் வரும் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னார்கள். அவர்களை நம்ப வைத்தது அந்த 9 பரிந்துரைகள்.

அதன்பின் 1788-இல் ஒப்புதல் கொடுத்த மாநிலங்களில் மேரிலாந்தைத் தவிர மற்ற எல்லாமே தங்கள் திருத்தப் பரிந்துரைகளையும் சேர்த்தே அனுப்பின. ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர், 57-க்கு 47. ஒன்பதாவது மாநிலம். சட்டம் உயிர் பெற்றது.

அந்தச் செய்தி வர்ஜீனியாவுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே பேட்ரிக் ஹென்றி நாள் கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். "மாநிலங்களாகிய நாம் என்று எழுதாமல், மக்களாகிய நாம் என்று எழுத இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மாநிலங்களை விழுங்கும் ஒற்றை அரசு வருகிறது" என்பது அவர் வாதம். எதிரே மேடிசன். குரல் எழும்பாது, உடம்பும் சரியில்லை. ஆனால் பிரிவு பிரிவாகப் பதில் சொன்னார். ஜூன் 25. 89-க்கு 79. ஹென்றி தோற்றார். தோற்பது உறுதியான நேரத்தில் அவர் சொன்னது: "அமைதியான குடிமகனாக இருப்பேன். ஆனால் இந்தச் சட்டத்தின் குறைகளைச் சட்ட வழியிலேயே நீக்கப் பாடுபடுவேன்."

அடுத்து நியூயார்க். 30-க்கு 27.

ஒரு கணக்குப் போடுங்க. மாசசூசெட்சில் 10 பேர், வர்ஜீனியாவில் 6 பேர், நியூயார்க்கில் 2 பேர். மொத்தம் 18 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் இந்த மூன்று மாநிலமும் சட்டத்தை நிராகரித்திருக்கும். "ஒரு வாக்கு என்ன செய்யப் போகுது" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, வென்றவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்களா?

உரிமைச் சாசனம் தேவையில்லை என்றுதான் ஹாமில்டன் எழுதினார். பத்திரிகையைத் தடுக்கும் அதிகாரத்தையே அரசுக்குக் கொடுக்காதபோது, தடுக்காதே என்று எதற்கு எழுத வேண்டும் என்பது அவர் வாதம். மேடிசனுக்கும் முதலில் அதில் நம்பிக்கை இல்லை. காகிதத்தில் எழுதிய வேலியைப் பெரும்பான்மை தாண்டிவிடும் என்று நினைத்தார். பாரிசில் இருந்த ஜெஃபர்சனோ, அது மக்களுக்கு உரியது, கொடுத்தே ஆக வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்.

1789-இல் முதல் காங்கிரஸ் தேர்தல். கீழவைக்கு நின்ற மேடிசனை எதிர்த்து ஜேம்ஸ் மன்றோ. இருவரும் நண்பர்கள். மன்றோ சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். மாநில ஆதரவில் நடந்த திருச்சபையிடம் அடி வாங்கிய பாப்டிஸ்ட் மக்கள், "எங்கள் வழிபாட்டு உரிமைக்கு என்ன உத்தரவாதம்?" என்று மேடிசனைக் கேட்டார்கள். திருத்தம் கொண்டுவருவேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். 1,308-க்கு 972 என்று வென்றார்.

வென்ற பிறகு மறக்கவில்லை. 1789 ஜூன் 8 அன்று திருத்தங்களை முன்வைத்தார். அவர் பக்கத்து ஆட்களே "இதுக்கு என்ன அவசரம், வரி வேலை கிடக்கு" என்றார்கள். அவர் விடவில்லை. செப்டம்பரில் 12 திருத்தங்கள் மாநிலங்களுக்குப் போயின. அதுவரை மறுத்து வந்த வட கரோலினா நவம்பரில் ஒப்புதல் கொடுத்துச் சேர்ந்தது. ரோட் ஐலண்ட் 1790-இல் 34-க்கு 32 என்று கடைசியாக வந்தது. 1791 டிசம்பர் 15 அன்று 10 திருத்தங்கள் சட்டமாயின.

பேச்சு, பத்திரிகை, வழிபாடு, கூட்டம், அரசிடம் முறையிடும் உரிமை. காரணமின்றிச் சோதனை கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை. கொடூரத் தண்டனை கூடாது. பத்தாவதில், மத்திக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது. எல்லாம் மேசன் கேட்டது, பென்சில்வேனியாவின் 21 பேர் கேட்டது, சிங்கிள்ட்டரி போன்றவர்களின் பயம் கேட்டது.

அந்த 12-இல் மீதி இரண்டு என்ன ஆனது? ஒன்று காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது. சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும் என்றது. கிடப்பில் கிடந்தது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். ஆசிரியர் குறைந்த மதிப்பெண் போட்டார். மாணவர் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-இல், 203 ஆண்டு கழித்து, அது 27-ஆவது திருத்தமானது. ஒரு மாணவர், ஒரு தட்டச்சு இயந்திரம், கொஞ்சம் தபால்தலை. உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய கருவி.

கதை 1791-இல் முடிந்துவிடவில்லை. "நாம்" என்ற சொல்லுக்குள் கறுப்பின மக்களும் பெண்களும் அன்று இல்லை. பூர்வகுடி மக்களும் இல்லை. அடிமை முறையை ஒழிக்க உள்நாட்டுப் போர் நடந்தது. 13-ஆவது திருத்தம் 1865-இல். பெண்களின் வாக்குரிமைக்கு 1920 வரை போராட்டம். அந்த "நாம்" தானாக விரியவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கதவைத் தட்டித் தட்டித்தான் விரித்தார்கள்.

நம் நாட்டு அரசமைப்புச் சட்டமும் "இந்திய மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. நம் அடிப்படை உரிமைகள் பிற்காலத் திருத்தமாக வரவில்லை, தொடக்கத்திலேயே மூன்றாம் பகுதியில் இருக்கின்றன. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நம் 20-ஆவது பிரிவிலும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும். இங்கே 248-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. மாநில உரிமை பேசும் தோழர்கள் இந்த ஒரு வேறுபாட்டைப் படித்து வைத்துக்கொண்டால், தொலைக்காட்சி விவாதத்தில் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக உங்களுக்கு மூன்று வேலை.

முதலாவது, எதிர்க்கும் சட்டத்தைப் படித்துவிட்டு எதிர்க்கவும். 'புரூட்டஸ்' பிரிவைச் சுட்டிக் கேட்டார், அதனால்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது, தோற்றால் ஒதுங்கிவிடக் கூடாது. வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே, வென்றவர் கொடுத்த வாக்கைப் பட்டியலிட்டுக் கேட்கத் தொடங்குங்கள். மூன்று ஆண்டு கேட்டார்கள், பத்து உரிமை கிடைத்தது.

மூன்றாவது, நாம் வெல்லும் நாளைக்கானது. அன்று நம்மை எதிர்த்தவர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தால், மேடிசனைப் போல அதை நாமே கையில் எடுத்து நிறைவேற்ற வேண்டும். இழுத்து வந்து உட்கார வைத்து வாங்கும் பெரும்பான்மை சட்டத்தை நிறைவேற்றும், மனிதர்களைச் சேர்க்காது.

இந்தப் பதிவின் கீழே மாற்றுக் கருத்து சொல்ல வருபவர்களை வரவேற்கிறோம். நம் தோழர்கள் அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள், பட்டம் கொடுக்காதீர்கள்.



#அரசியல்_பயிலரங்கு #மாநில_உரிமை #மக்களாகிய_நாம்